பழனிக்குப் போகாத மொட்டை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுபாஷிணியின் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். காலையிலிருந்து பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. மஞ்சள் தடவிய கட்டுகளை எடுத்துப் போகத் தம்பி தெய்வேந்திரன் வந்தான். பெண்ணின் அப்பா அவன்தான். நான் அத்தை. கல்யாணம் ஆகாத அத்தை என்பதால் ஊரில் எல்லா வேலையும் என் தலையில்தான் வந்து விழும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

டி.வி.யில் நடிகர் சூசை காலமானார் என்று ஓடியது. "பாவம், நல்லா சிரிக்க வைப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திரிகையை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தம்பி நாற்காலியில் இல்லை. தரையில் உட்கார்ந்திருந்தான். டி.வி.க்கு ஒரு முழ தூரத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உட்காருவதுபோல.

"தேவா, பத்திரிகைய எடுத்துட்டுப் போ. நல்ல நேரம் போகுது."

"போறேன்க்கா."

போகவில்லை. காபியில் ஆடை படிந்தது. அரை மணி கழித்துப் போனான், பத்திரிகைகளை எடுக்காமல்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தம்பி வேலைக்குப் போகவில்லை. திருச்சிப் பக்கம் போயிருக்கிறானாம். சூசையின் சொந்த ஊரில் இன்று அடக்கம். ஐம்பத்தாறு வயதுக்காரன், மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவருடைய சாவுக்குப் பஸ் ஏறியிருக்கிறான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை ஏழரைக்குத் தம்பி மனைவி செல்லக்கனி வாசலில் நின்றாள். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள்.

"மதினி, வந்து பாருங்க உங்க தம்பி பண்ணிட்டு வந்திருக்கிறத."

போய்ப் பார்த்தேன். மொட்டை. மீசையும் இல்லை.

மொட்டையை விடவும் மீசை போனதுதான் என்னைப் பயமுறுத்தியது. எங்கள் வத்தலக்குண்டுப் பக்கம் சாமிக்கு வேண்டி முடி இறக்குபவர்கள் மீசையை விட்டுவிடுவார்கள். மீசையும் போயிற்று என்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இந்தத் தலையோடும் முகத்தோடும் இவன் ஒன்பதாம் நாள் மணவறையில் நின்று பெண்ணைத் தாரை வார்க்க வேண்டும்.

"ஏன்டா, அந்த மனுஷன் சர்ச்சுக்குப் போற வேதக்காரருடா! அவங்க வீட்டுல மொட்டையே கிடையாது. பெத்த மகனே கிராப்போட நிக்கிறான் டி.வி.யில. நீ எதுக்குடா போட்ட?"

"அவங்களுக்கு வழக்கம் இல்லக்கா. நமக்கு இருக்குல்ல."

முப்பத்தைந்து வருடம் டீச்சராக இருந்தவளுக்கே பாடம் எடுக்கிறான்.

செல்லக்கனி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "எங்கய்யா செத்தப்ப மூணாம் நாளே டூட்டிக்குப் போன மனுஷன் மதினி இவரு. மாமனாருக்கு இல்லாத முடி, காமெடியனுக்கு இறங்குது."

"விடும்மா," என்றாள் சுபா. "மண்டபத்துல லைட்டு ஒண்ணு கொறச்சுச் சொல்லிக்கலாம். அப்பா தலையே போதும்." எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, செல்லக்கனிக்கும். சுபா உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று புத்தக அலமாரியை மூன்று தடவை அடுக்கினேன். இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது.

நான் பிள்ளைகளுக்கு எதையும் உதாரணத்தோடுதான் சொல்வேன். எனக்கும் அப்படிச் சொல்லிப் பார்க்கிறேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பக்கத்தில் நான்கு பிள்ளைகள் எடுக்கும். அந்த நாலுக்கும் வயிற்றில் கோளாறு ஒன்றும் இருக்காது. டி.வி.யில் ஆயிரம் பேர் அழுகிறார்கள், பார்த்தவனும் அழுகிறான். சரி. ஆனால் அழுகை பரவும், மொட்டை பரவுமா? அதற்கு நாவிதரைத் தேடிப் போய் உட்கார்ந்து தலையைக் குனிய வேண்டும்.

இன்னொன்று. பெரிய தலைவர்கள் இறந்தால் பள்ளியில் இரங்கல் கூட்டம் போடுவோம். இரண்டு நிமிடம் மௌனம். பிள்ளைகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து என் கைக்கடிகாரத்தைப் பார்க்கும். முடிந்ததும் விடுமுறை, கூச்சல். அதை நான் தப்பாக நினைத்ததே இல்லை. தெரியாதவருக்கு இரண்டு நிமிடம் போதும், அதற்கு மேல் பாசாங்கு என்றுதான் நினைத்திருந்தேன். தம்பி பாசாங்குக்காரன் இல்லை. கணக்கு எங்கோ இடிக்கிறது.

அப்பாவுக்கே அவன் மொட்டை போட்டதில்லை. போட முடியாமல் போயிற்று. அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பயந்தது நடந்தது. பெரியகுளத்திலிருந்து சம்பந்தி பொன்னுரங்கம் போன் செய்தார். மாப்பிள்ளையின் அப்பா. மரக்கடைக்காரர், எதையும் அளந்து பார்த்து வாங்குகிற மனிதர். யாரோ தம்பியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"டீச்சர், உங்க வீட்டுல ஏதும்…? எங்களுக்குத் தகவலே இல்லையே?"

"அய்யய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல. பழனிக்கு வேண்டுதல் சம்பந்தி. சுபா கல்யாணம் நல்லபடியா நடந்தா முடி இறக்குறேன்னு வேண்டிக்கிட்டான். முன்னாடியே இறக்கிட்டான், அவசரக்காரன்."

வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது! ஒரு தடங்கல் இல்லை.

"முருகா! நல்ல காரியம். மீசையும் இல்லன்னாங்களே?"

"முழுசா குடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டானாம்."

"அப்பச் சரி. திங்கக்கெழம பந்தக்காலுக்கு வர்றப்ப பஞ்சாமிர்தம் எடுத்து வைங்க. பழனிக்குப் போயிட்டு எங்களுக்கு இல்லன்னா எப்படி?" சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பழனிக்குப் போய் வந்தேன்.

ஆமாம், பஞ்சாமிர்தம் வாங்கத்தான். இந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். ஆனால் மலையடிவாரத்துப் பையும் விபூதியும் இருந்தால்தான் நம்புவார். பொய் என்றாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும். அறுபத்தாறு வயதில் இரண்டு பஸ் மாறிப் போனேன். மலை ஏறவில்லை. எந்த முகத்தோடு ஏறுவது? அடிவாரத்திலேயே டின் இரண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் முன் சீட்டில் ஒரு மொட்டைக் குடும்பம். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், எல்லோர் தலையிலும் சந்தனம். கைக்குழந்தை தன் தலையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தது. அந்த அப்பாவுக்கு மீசை இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். செல்லக்கனியும் சுபாவும் தையல்காரரிடம் போயிருந்தார்கள். அவன் தனியாக உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, டின்னை அவன் முன்னால் வைத்தேன்.

"திங்கக்கெழம சம்பந்தி கேட்டா, ஆமான்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவன் டின்னைப் பார்த்தான். தொடவில்லை.

"இன்னொரு தடவ எனக்காகப் பொய் சொல்லாதக்கா."

"இன்னொரு தடவயா? நான் எப்ப…"

"வீட்டில் அனைவரும் நலம். பரீட்சையில் கவனம் வை." கடிதம் படிப்பதுபோலச் சொன்னான். "அந்தக் கடுதாசி எழுதுறப்ப அப்பா போயி ஆறு நாள்."

முப்பத்தாறு வருடத்தில் இதை அவன் வாயால் கேட்டதில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் விற்கிறவர் போனார்.

"சரிடா," என்றேன் கடைசியில். "புரியுது. அப்பாவுக்கு அழ விடாமப் பண்ணிட்டேன். அது உள்ளயே கெடந்து, இப்ப இந்த மனுஷன் சாவுல வெளிய வருது. இது அப்பாவுக்குப் போட்ட மொட்டை. அப்படித்தான?"

இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். விடை கிடைத்துவிட்டது, கணக்கு நேராகிவிட்டது.

"இல்ல," என்றான். "அப்பாவுக்கு இல்ல. சூசைக்குத்தான். அப்பாவுக்குன்னு வச்சுக்கிட்டா உனக்குச் சௌகரியம்."

பிறகு தேங்காய்களைப் போட்டுக்கொண்டே சொன்னான். என்னைப் பார்க்கவில்லை.

"பரீட்சை முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன், நீ சொன்ன, திரும்பிப் போனேன். வேலை கெடச்சு மலைக்கு மேல போட்டாங்க. ஒரு வருசம். எனக்கு அழுகையும் வரல, பசியும் வரல. சோத்த முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கரண்டுக் கம்பத்துல ஏறி நிக்கிறப்ப, கைய விட்டா என்னன்னு தோணும். தெனமும் தோணும். அப்ப ஒரு நாள் டூரிங் டாக்கீஸ்ல படம். அந்த ஆளு ஒரு குடையை மடிக்கத் தெரியாம நிக்கிறாரு. அவ்வளவுதான் சீனு. குடை மடங்க மாட்டேங்குது. சிரிச்சேன்க்கா. பக்கத்துல இருக்கிறவன் திரும்பிப் பாக்குற அளவுக்குச் சிரிச்சேன். வெளிய வந்ததும் பசிச்சுது. எட்டு புரோட்டா தின்னேன்."

கையில் இருந்த தேங்காயைப் பைக்குள் போட்டான்.

"அன்னைக்கு எனக்குச் சோறு போட்டவரு அவரு. அது அவருக்குத் தெரியாது. தெரியலைங்கிறதுக்காக இல்லைன்னு ஆயிருமா?"

டின்னைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தான். "சம்பந்தி கேட்டா நான் உள்ளதச் சொல்லுவேன். அதுக்கு மேல கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"உன் மகடா அவ!"

நான் வாசல் வரும்வரை தேங்காய் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தம்பி பேசவில்லை. எதிரில் வந்தான், ஒதுங்கிப் போனான்.

அப்பா போனதை அவனிடம் ஏன் மறைத்தேன் என்று எழுதலாம். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினெட்டு. அவனைக் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் சேர்த்தது நான். அது கடைசி வருடம். பரீட்சையும் பிராக்டிக்கலும் சேர்ந்து மூன்று வாரம். நடுவில் வந்தால் ஒரு வருடம் போய்விடும். எந்த டீச்சரும் அப்படித்தான் யோசித்திருப்பாள். பங்காளிகளை வைத்துக் காரியத்தை முடித்தேன். பதினாறும் முடிந்த பிறகு அவன் வந்தான். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுக் கூட்டாளிகளோடு சினிமா பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றான்.

நான் முதலில் கேட்டது, "பரீட்சை எப்படி எழுதின?"

நல்லா எழுதியிருக்கேன்க்கா என்றான். அதன் பிறகுதான் சொன்னேன்.

முதல் வகுப்பில் தேறினான். நல்ல வேலை கிடைத்தது. இதையும் எழுத வேண்டும்.

செப்டம்பர் 1, திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் பந்தக்கால் ஊன்றினோம். சம்பந்தி பொன்னுரங்கம் அவர் மனைவியோடு வந்தார். மூங்கிலை ஒரு கையால் ஆட்டிப் பார்த்து, "இன்னும் அரை அடி போகணும்" என்று சொல்லி, ஆழப்படுத்த வைத்தார். பிறகு கூடத்தில் உட்கார்ந்தார். செல்லக்கனி காபி கொண்டுவந்தாள். சுபா கதவுக்குப் பின்னால் நிற்பது கொலுசுச் சத்தத்தில் தெரிந்தது.

"மலையில கூட்டமா சம்பந்தி?" என்று தம்பியைக் கேட்டார்.

தம்பி வாயைத் திறந்தான். அதற்குள் நான் பேசிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. அவன் சொல்லி நான் பொய்க்காரியாகக் கூடாது என்றா, கெட்ட சேதியை ஒரு தடவையாவது நேரத்தோடு சொல்லவேண்டும் என்றா, எழுதி எழுதிப் பார்க்கிறேன், தெளியவில்லை.

"அவன் பழனிக்குப் போகல சம்பந்தி. போனது நான், பஞ்சாமிர்த டின் வாங்க. இது வேண்டுதல் மொட்டை இல்ல. நடிகர் சூசை செத்ததுக்குப் போட்டது."

பொன்னுரங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. பெண் வீட்டில் காபியைக் கீழே வைத்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.

"நடிகருக்கா?"

"ஆமா," என்றான் தம்பி.

கொஞ்ச நேரம் தம்பியின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவு எடுப்பதுபோல நிதானமாகக் கேட்டார். "எனக்கு ஒண்ணு தெளிவாகணும். இது துக்கமா, இல்லையா? துக்கம்னா பதினாறு நாள் நீங்க மணவறை ஏறக் கூடாது. வேற யாராவதுதான் தாரை வார்க்கணும். துக்கம் இல்லைன்னா, கல்யாணத்த வச்சுக்கிட்டு மீசையை எடுக்க என்ன வந்துச்சு? விளையாட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நான் வைத்த எந்தப் பரீட்சையிலும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

விளையாட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மன்னிப்புக் கேட்டால் முடிந்தது. கொலுசு சத்தமில்லாமல் இருந்தது.

"துக்கம்தான்," என்றான் தம்பி.

"என்ன முறை?"

சாவு வீட்டில் எல்லோரும் கேட்பதுதான். அண்ணன் முறையா, மாமன் முறையா, அதை வைத்துத்தான் எத்தனை நாள் என்று சொல்வார்கள். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"வாத்தியார் முறைன்னு வச்சுக்கங்க சம்பந்தி! குரு செத்தா சீடனுக்கு மூணு நாள்தான் தீட்டு. சாஸ்திரத்துலயே இருக்கு. மூணு நாள் எப்பவோ முடிஞ்சுபோச்சு!"

அது பொய்யும் இல்லை, சாஸ்திரத்தில் இருப்பதுதான். பொன்னுரங்கத்தின் முகம் இளகியதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் தம்பி தலையை ஆட்டினான்.

"அவரு எனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கல சம்பந்தி. வாத்தியார் இல்ல. சொந்தம் இல்ல, ஜாதி இல்ல, ஊரு இல்ல. அவருக்கு என்னையத் தெரியவே தெரியாது. ஒரு முறையும் இல்ல. மனசு கேக்கல, போட்டேன்."

வெளியே பந்தல்காரர்கள் கயிறு இழுக்கும் சத்தம். பொன்னுரங்கம் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முறை இருந்தாத்தான தீட்டு," என்றார் பொன்னுரங்கம் கடைசியில். "முறையே இல்லைன்னா எத்தன நாள்னு யாரு சொல்றது? வெறும் துக்கந்தான். பொண்ணக் குடுக்கிற அன்னைக்கு எந்தத் தகப்பன் துக்கம் இல்லாம மணவறை ஏறுறான்? ஏறுங்க. ஒரு தலைப்பா மட்டும் கட்டிக்கங்க. எங்க பக்கத்துப் பொம்பளைக வாய என்னால அடைக்க முடியாது."

காபியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க எங்கிட்டப் பொய் சொன்னீங்க பாருங்க. அதுதான்…" முடிக்கவில்லை. நான் பக்கத்தில் வைத்திருந்த டின்னைக் காட்டி, "அதக் குடுங்க. முருகன் என்ன செஞ்சாரு" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

தம்பி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "அத்தைகிட்ட மண்டபத்துச் சாவிய வாங்கிட்டு வா" என்று சுபாவிடம் சொல்கிறான். நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

பூ, பால், விளக்கு, நெல், அம்மி. சரிபார்த்தேன். மறுபடியும் சரிபார்த்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

சுபாவின் கல்யாணம் நடந்தது.

தம்பி ரோஜா நிறத் தலைப்பாகை கட்டியிருந்தான். அவன் சுபா கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, செல்லக்கனி தண்ணீர் ஊற்றினாள். அப்போது அவன் குனிந்தான், தலைப்பாகை கழன்று தாம்பாளத்தில் விழுந்தது. பெரியகுளத்துப் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. அவன் எடுத்துக் கட்டவில்லை. கை வேலையாக இருந்தது. முள்முள்ளாக முளைத்திருந்த தலையோடு அப்படியே நின்று தாரை வார்த்தான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. யாருக்கு வழிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணின் அப்பா ஆயிற்றே.

வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடியும். மணி மூன்றாகிவிட்டது. நான் உட்கார்ந்த வரிசையில் பக்கத்து இலை காலியாக இருந்தது. தம்பி வந்து உட்கார்ந்தான்.

சாம்பார் முடிந்து ரசம் வந்தது. பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அப்பாவுக்குக் கொள்ளி யாரு வச்சாங்கக்கா?"

"பெரியப்பா மகன் ராசு."

"வெயிலா?"

"நல்ல வெயில்."

பாயசம் வந்தது. அவன் வேண்டாம் என்று கை காட்டினான்.

"என்னையக் கேட்டாரா?"

இந்தக் கேள்வியை முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறான், அன்றைக்கு வாசலில். நினைவே இல்லாமல் தூக்கத்தில் போய்விட்டார் என்று அப்போது சொன்னேன். செல்லக்கனிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டிலும் இதுவரை அதற்கு மாறாக எழுதியதில்லை.

"கேட்டாரு," என்றேன். "ரெண்டு நாள் இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. கண்ணு முழிக்கிறப்பல்லாம் உன்னையக் கேட்டாரு. நாளைக்கு வந்துருவான்னு சொன்னேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன். தந்தி ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்துச்சு."

பரிமாறுகிறவர் மோர் என்று குனிந்தார், நிமிர்ந்தார், போய்விட்டார். எனக்கு இலை மங்கலாகத் தெரிந்தது. சாப்பிட்டாயிற்று, எழுந்துவிடலாம் என்று மடித்தேன். மடித்த பிறகுதான் பார்த்தேன், இலையை எனக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி மடித்திருக்கிறேன், சாவு வீட்டுப் பந்தியில் மடிப்பதுபோல. கல்யாண வீட்டில், பெண்ணின் அத்தை. பதறிப்போய்ச் சுற்றும் பார்த்தேன்.

தம்பி கையை நீட்டினான். என் இலையைப் பிரித்து, என் பக்கமாக மடித்து வைத்தான். பிறகு தன் இலையையும் அதேபோல மடித்துவிட்டு, நான் எழுந்துகொள்ள இடது கையைக் கொடுத்தான்.